‘இன்சஃபிஷியன்ட்’ என்ற சொல்லைக் கையாளும் முறை

திரும்பி வந்த காசோலையுடன் வங்கி தரும் சீட்டில் ‘ஃபண்ட்ஸ் இன்சஃபிஷியன்ட்’ என்று காரணம் குறித்திருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். கணக்கு காலியாக இருக்க வேண்டும் என்பதில்லை. 10,000 ரூபாய்க்கு எழுதிய காசோலைக்கு 9,900 ரூபாய் இருந்தாலும் இதே காரணம்தான். தேவை என ஓர் அளவு இருந்து, இருப்பது அதை எட்டாதபோது இச்சொல்லை எழுத வேண்டும்.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ‘இன்சஃபிஷியன்ட் எவிடென்ஸ்’ என்றும், வாக்கிய இறுதியில் ‘தி எவிடென்ஸ் இஸ் இன்சஃபிஷியன்ட்’ என்றும் இது வரும். எதற்குப் போதவில்லை என்பதைச் சேர்க்க விரும்பினால், வினைக்கு முன் ‘டு’, பெயருக்கு முன் ‘ஃபார்’ இட வேண்டும். ‘இன்சஃபிஷியன்ட் ஆஃப் மணி’ என்பது பிழை. ‘அன்சஃபிஷியன்ட்’ என்றொரு சொல் வழக்கிலேயே இல்லை. உச்சரிக்கும்போது அழுத்தம் ‘ஃபி’ என்ற மூன்றாம் அசையில் விழும். ‘இன்சஃபிஷியன்சி’ என்ற பெயர்வடிவம் பெரும்பாலும் சட்டத்திலும் மருத்துவத்திலும் வழங்குகிறது. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில், காசோலை மறுப்பைக் குற்றமாக்கும் 138ஆவது பிரிவின் தலைப்பிலேயே அதைக் காணலாம்.

தமிழாக்கத்தில்தான் கவனம் அதிகம் தேவை. அகராதி ‘போதாத’ என்று பொருள் தருகிறதே என்று ‘போதாத சாட்சியம்’, ‘போதாத நிதி’ என எழுதினால் காதில் ஒட்டாது. ‘போதாத காலம்’ என்றால் நமக்கு நேரக்குறைவு நினைவுக்கு வருவதில்லை, கெட்ட நேரம்தான் நினைவுக்கு வரும். ‘போதாக்குறைக்கு’ என்பதோ ‘அதற்கு மேலும்’ என்ற பொருளுக்கே போய்விட்டது. ஆங்கிலம் பெயரடையில் வைக்கும் எதிர்மறையைத் தமிழ் வினைமுற்றில் வைப்பதால், ‘போதிய சாட்சியம் இல்லை’, ‘கணக்கில் போதிய பணம் இல்லை’, ‘இந்த அவகாசம் போதாது’ என்று முடிப்பதே இயல்பு. ‘போதுமான அளவில் இல்லாத நிலை காணப்படுகிறது’ என்று அலுவலகக் கடிதங்களில் நீட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

‘இனடிக்வேட்’ நெருங்கிய சொல்லே ஆனாலும் அது தரத்தையும் தகுதியையும் சேர்த்து எடைபோடும். நூறு பேருக்கு எண்பது நாற்காலிகள் என்றால் ‘இன்சஃபிஷியன்ட்’; கூரை ஒழுகும் வகுப்பறையை ‘இனடிக்வேட்’ என்பதே பொருந்தும். உடலில் இரும்புச்சத்து குறைவதற்கு மருத்துவர்கள் எழுதும் சொல் ‘டெஃபிஷியன்சி’, தமிழில் ‘குறைபாடு’; அந்த இடத்தில் இவ்விரண்டும் வேண்டாம்.