கிளர்ச்சிப் படம் பார்க்கும்போது நாம் செய்யும் தவறுகள்

அடிமைகளோ மாலுமிகளோ மக்களோ அதிகாரத்தை எதிர்த்து எழும் படம் ஒன்று முடிந்ததும், 'இதெல்லாம் அப்படியே நடந்ததா?' என்று கேட்கிறோம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதோடு நின்றுவிடுவதுதான் முதல் தவறு. கிளர்ச்சிப் படம் எதற்கும் இரண்டு காலங்கள் உண்டு. ஒன்று கிளர்ச்சி நடந்த காலம், மற்றொன்று படம் எடுக்கப்பட்ட காலம். இரண்டாவதை விட்டுவிட்டால் படத்தில் பாதி கைநழுவிப் போகும்.

பண்டைய ரோமின் அடிமைக் கிளர்ச்சியைச் சொல்லும், 1960இல் வந்த 'ஸ்பார்ட்டகஸ்' இதற்கு மிகச் சரியான எடுத்துக்காட்டு. தோற்றுப் பிடிபட்ட அடிமைகளிடம், தலைவனைக் காட்டிக்கொடுத்தால் சிலுவையில் அறைய மாட்டோம் என்கிறது ரோம். ஒருவர் பின் ஒருவராக எழுந்து 'நான்தான் ஸ்பார்ட்டகஸ்' என்கிறார்கள். பின்னர் ஸ்பார்ட்டகஸும் சிலுவையில் இறக்கிறான். வரலாற்றில் இப்படி நடக்கவில்லை. கி.மு. 73இல் இத்தாலியின் கபுவா நகரில் எழுபது பேரளவில் தப்பித்துத் தொடங்கிய அந்தக் கிளர்ச்சி கி.மு. 71இல் போர்க்களத்தில் முடிந்தது. ஸ்பார்ட்டகஸ் அங்கேயே விழுந்தான், உடல் கிடைக்கவில்லை என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். பிடிபட்ட 6,000 பேரைக் கபுவாவிலிருந்து ரோம் வரை சாலையோரம் சிலுவைகளில் அறைந்தது மட்டும் உண்மை.

அப்படியென்றால் அந்தக் காட்சி பொய்யா? படத்தின் திரைக்கதையை எழுதிய டால்டன் ட்ரம்போ, கம்யூனிஸ்டா என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழு 1947இல் கேட்டபோது பதில் சொல்ல மறுத்துச் சிறை சென்றவர். பிறகு, கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தில் வேலை மறுக்கப்பட்டவர்களின் பட்டியலான ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் வேறு பெயர்களில் எழுதிப் பிழைத்தார். மூலநாவலை எழுதிய ஹோவர்ட் ஃபாஸ்டும் பிறர் பெயர்களைச் சொல்ல மறுத்துச் சிறைப்பட்டவர்தான். காட்டிக்கொடுக்க மறுக்கும் அந்த அடிமைகளை இந்தப் பின்னணியோடு பாருங்கள். ரோமானிய உடையில் 1950களின் அமெரிக்கா எழுந்து நிற்கிறது. ட்ரம்போவின் சொந்தப் பெயர் திரையில் வந்ததே அந்தக் கறுப்புப் பட்டியலை உடைத்த நிகழ்வுகளில் ஒன்று. அந்தக் காட்சி வரலாற்றுப் பிழை என்று மட்டும் குறித்துக்கொண்டு நகர்கிறவர் இத்தனையையும் இழக்கிறார்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: திரையில் கண்டதையே நினைவில் வரலாறாக வைத்துக்கொள்வது. இயக்குநர் ஐசன்ஸ்டைனின் 'போர்க்கப்பல் பொட்டெம்கின்', ரஷ்யப் போர்க்கப்பல் ஒன்றின் மாலுமிகள் 1905இல் செய்த கிளர்ச்சியின் இருபதாம் ஆண்டுக்காக 1925இல் சோவியத் அரசு எடுக்கவைத்த படம். துறைமுக நகரமான ஒடெஸாவின் படிக்கட்டில் சிப்பாய்கள் வரிசை கலையாமல் சுட்டுக்கொண்டே இறங்கும் காட்சியைப் பார்த்தவர்கள், அங்கே அப்படியொரு படுகொலை நடந்ததாகவே நம்புகிறார்கள். நகரத்தில் மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டது உண்மை. அந்தப் படிக்கட்டுக் காட்சி இயக்குநர் கட்டியெழுப்பியது. படம் எங்கே நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். எதிரே வந்த கடற்படை சுடாமல் வழிவிட, மாலுமிகள் ஆரவாரம் செய்கிறார்கள், படம் முடிகிறது. அந்தக் கப்பல் பிறகு ருமேனியாவின் கான்ஸ்டான்ட்ஸா துறைமுகத்தில் சரணடைந்ததும், கிளர்ச்சித் தலைவர் மத்யுஷென்கோ 1907இல் ரஷ்யா திரும்பிப் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டதும் திரைக்கு வெளியே இருக்கின்றன. கதையை எந்த இடத்தில் நிறுத்துகிறார் என்பதே இயக்குநரின் அரசியல்.

பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான அல்ஜீரிய விடுதலைப் போரைக் காட்டும் 'அல்ஜியர்ஸ் போர்' (1966) விஷயத்தில் ஏமாறுவது இன்னும் எளிது. கறுப்பு வெள்ளை, நடுங்கும் கேமரா, முன்பின் நடித்திராத முகங்கள். செய்திப்படத் துண்டுகளை ஒட்டியிருக்கிறார்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஒரு துண்டுகூட இல்லை, எல்லாம் இயக்குநர் ஜில்லோ பொன்டெகோர்வோ படமாக்கியவை. தயாரிப்பில் பங்கேற்றவர் ஸாதி யாசெஃப் என்ற அல்ஜீரியர். அந்த நகரத்தில் விடுதலை முன்னணியின் ஆயுதப் பிரிவை நடத்தி, பிரெஞ்சு நீதிமன்றத்தில் மரண தண்டனை பெற்றவர். படத்தின் அடிப்படையே அவர் சிறையில் எழுதிய நினைவுக்குறிப்புதான். தன்னையொத்த பாத்திரத்தில் அவரே நடிக்கவும் செய்கிறார். பிரெஞ்சுத் தளபதி மத்தியூவோ கற்பனைப் பாத்திரம். அதில் நடித்த ழான் மார்த்தேன் அல்ஜீரியப் போரை எதிர்க்கும் அறிக்கையில் கையெழுத்திட்டவர்.

இந்தப் படத்தை நடுநிலையானது என்று புகழ்வதும் தவறுதான். அது அல்ஜீரியர்களின் பக்கம் நின்று எடுத்த படம். அப்படி நின்றுகொண்டே, உணவகத்தில் குண்டு வைக்க வந்த பெண் அங்கே சாகப்போகும் ஒவ்வொரு முகத்தையும் பார்க்கும்படி கேமராவை வைக்கிறது. பக்கம் சாய்வதும் நேர்மையாக இருப்பதும் ஒன்றாக இயலும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. 2003இல் அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனிலேயே இதைத் திரையிட்டார்கள்.

ஒரே நாயகனைக் கிளர்ச்சி முழுமைக்கும் ஈடாக எடுத்துக்கொள்வது 'பிரேவ்ஹார்ட்' (1995) போன்ற படங்கள் தரும் பழக்கம். அது இங்கிலாந்தை எதிர்த்த ஸ்காட்லாந்துத் தலைவர் வில்லியம் வாலஸின் கதை. 1297 ஸ்டர்லிங் பாலப் போரில் ஸ்காட்லாந்தியர் வென்றது, குறுகிய மரப்பாலத்தில் ஆங்கிலேயப் படை பாதி கடக்கும்வரை காத்திருந்து தாக்கியதால். படத்தில் பாலமே இல்லை. வாலஸுடன் சேர்ந்து படையை நடத்திய ஆண்ட்ரூ மோரேயும் இல்லை. ஜெர்மானிய வணிக நகரமான லூபெக்குக்கு அதே ஆண்டு போன கடிதத்தில் இருவர் பெயரும் சேர்ந்தே இருக்கிறது.

விக்டர் ஹ்யூகோவின் நாவலிலிருந்து வந்த 'லே மிசராப்ல்' படத்தில் கிளர்ச்சியாளர்கள் தெருவில் எழுப்பும் தடுப்பரணைப் பார்த்து, அது 1789 பிரெஞ்சுப் புரட்சி என்று எண்ணுகிறவர்களும் பலர். அது 1832 ஜூனில் பாரிஸில் இரண்டே நாளில் ஒடுக்கப்பட்ட எழுச்சி.

எங்கே தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான அயர்லாந்தின் விடுதலைப் போர் பற்றிய இரண்டு படங்களை ஒரே வாரத்தில் பார்க்கச் சொல்வேன். அந்தப் போரின் தலைவர்களில் ஒருவரைப் பற்றிய நீல் ஜோர்டனின் 'மைக்கேல் காலின்ஸ்' (1996), 1920இன் டப்ளினில் கார் குண்டு வெடிப்பதைக் காட்டுகிறது. அது பின்னாளைய வட அயர்லாந்தின் ஆயுதம். விளையாட்டரங்கத்துக்குள் கவச வண்டி புகுந்து சுடுவதும் அப்படி நடந்ததில்லை. 14 பேரைக் கொன்றவை மைதானத்துக்குள் நுழைந்த காவல்படையின் துப்பாக்கிகள். கென் லோச்சின் 'தி விண்ட் தட் ஷேக்ஸ் த பார்லி' வந்த 2006இல் பிரிட்டிஷ் படைகள் ஈராக்கில் இருந்தன. பெரிய தலைவர்கள் எவரையும் மையமாக வைக்காமல், ஒரு கிராமத்தின் சகோதரர்கள் இருவரை அது பின்தொடர்கிறது. போரை முடித்த பிரிட்டனுடனான ஒப்பந்தத்தோடு முடிந்துவிடாமல், ஒப்பந்தம் பிளந்த அந்த வீட்டுக்குள்ளும் போகிறது.