நேர்காணலில் நம் கடற்கரைப் பிள்ளைகள் கோட்டை விடும் இடங்கள்

ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று கரையோரம் நெடுகப் பட்டமும் டிப்ளமோவும் முடித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். படிப்பிலோ உழைப்பிலோ குறைச்சல் இல்லை. ஆனால் நேர்காணல் அறைக்குள் போனதும், தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிட்டு வந்தவர்கள் மாதிரி பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் இதுதான் பெரிய தவறு.

“படிப்பு முடிஞ்சு ஒன்றரை வருஷம் ஆச்சே தம்பி, என்ன செஞ்சீங்க?” என்று கேட்பார்கள். “சும்மாதான் சார் இருந்தேன், வீட்டுக்கு ஒத்தாசையா” என்று பதில் வரும். அந்தத் தம்பி உண்மையில் என்ன செய்தார்? அப்பாவின் விசைப்படகு கடலுக்குப் போகும்போதெல்லாம் எத்தனை லிட்டர் டீசல், எத்தனை பார் ஐஸ் என்று நோட்டில் எழுதினார். கரைக்கு வந்த இறாலும் நண்டும் எடை போடும்போது பக்கத்தில் நின்றார். வியாபாரி தந்த பணத்தில் செலவைக் கழித்து, படகுக்கு இவ்வளவு, ஆட்களுக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்தார். பங்கில் பத்து ரூபாய் குறைந்தாலும் கேள்வி வரும்; பதில் சொன்னதும் அவர்தான். கணக்குப் பிரிவுக்கோ ஸ்டோர் கீப்பர் வேலைக்கோ இதைவிட நல்ல அனுபவம் என்ன வேண்டும்? “எங்க படகுக்கு டீசல், ஐஸ் செலவும் ஆட்களோட பங்குக் கணக்கும் நான்தான் பார்த்தேன்” என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். கடல்பாசி எடுக்கப் போகும் அம்மாவின் சுயஉதவிக் குழுவுக்கு வரவு செலவு எழுதிக் கொடுத்த தங்கச்சியும் அதைத் தயங்காமல் சொல்லலாம். இதை விட்டுவிட்டு, யூடியூபில் பார்த்து மனப்பாடம் செய்த சுய அறிமுகத்தை ஒப்பித்தால், அதையே அன்று காலையில் இன்னும் பல பேர் ஒப்பித்திருப்பார்கள்.

“ஏன் கடல் தொழிலுக்குப் போகலை?” என்ற கேள்வியும் வரும். அப்போது அப்பாவின் தொழிலை மட்டம் தட்டிப் பேசாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், வீட்டுக்கு மாதா மாதம் ஒரு வருமானம் வேண்டியிருக்கிறது என்று நேராகச் சொன்னால் போதும். தடைக்காலம் முடிந்ததும் வேலையை விட்டுவிட்டுப் படகேறிவிடுவீர்களோ என்பதுதான் அவர்களின் சந்தேகம். அதற்கும் சேர்த்தே பதில் சொல்லுங்கள்.

சொந்த ஊரைப் பற்றிக் கேட்டால் திணறுவது அடுத்தது. “ராமேஸ்வரமா? பாம்பன் பாலத்தைப் பத்திச் சொல்லுங்க” என்று பெரும்பாலும் பதற்றத்தைத் தணிக்கத்தான் கேட்பார்கள். பாலத்தைப் பார்த்தே வளர்ந்தவர் “ரொம்பப் பெரிய பாலம் சார்” என்று நிறுத்திக்கொள்ளலாமா? 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தில், கப்பல் போக நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து எழுந்தது. ஆட்கள் நின்று கையால் இயக்கித்தான் திறந்தார்கள். 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் வரை எழும்புகிறது. மெக்கானிக்கல் படித்தவர் என்றால், இருபுறக் கோபுரங்களிலும் எதிர் எடை தொங்குவதால் மோட்டாருக்குச் சுமை குறைகிறது என்பதையும் சேர்க்கலாம். மீன்வளம், கடல் உயிரியல் பக்கம் போகிறவர்கள் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளைப் பற்றிக் கொஞ்சமாவது படித்துவிட்டுப் போங்கள்.

சான்றிதழ் விஷயத்தில் இரண்டு இடங்களில் மாட்டிக்கொள்கிறார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் மட்டும் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். அழைப்பு வருவதற்கு முன்பே இதைச் சரிசெய்துவிடுங்கள். இன்னொன்று, மத்திய அரசு வேலைக்கு மாநிலச் சாதிச் சான்றிதழை மட்டும் எடுத்துப் போவது. ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) ஒதுக்கீட்டுக்கு கிரீமி லேயரில், அதாவது வசதி படைத்த பிரிவில், வரவில்லை என்ற விவரத்தோடு மத்திய அரசுப் படிவத்திலேயே சான்றிதழ் கேட்பார்கள். எந்தத் தேதியில் வாங்கியது செல்லும் என்பது அறிவிப்பிலேயே இருக்கும்.

சென்னையில் காலை பத்து மணிக்கு நேர்காணல் என்றால் இரவு ரயிலை நம்பி அன்று காலையில் போய் இறங்காதீர்கள். முடிந்தால் முந்தின நாளே போய்விடுங்கள். ஆன்லைன் நேர்காணல் என்றால், கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கும் மாதங்களில் திண்ணையில் உட்கார்ந்து பேசினால் காற்றுச் சத்தம்தான் கேட்கும். உள்ளறையில் உட்காருங்கள்.

அப்புறம், வளைகுடா வேலை. நேர்காணலுக்கே பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் உச்சவரம்பு, அதற்கும் ரசீது தர வேண்டும். ஏஜென்டுக்குப் பதிவு இருக்கிறதா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பாருங்கள். நேர்காணல் அன்று பாஸ்போர்ட் நகல் போதும். அசலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.