வேறு ஊர்ப் பேச்சைத் திரையில் பேசுவது எப்படி: புது நடிகர்களுக்கு ஒரு செய்முறை

உங்களுக்கு ஒரு திருநெல்வேலிக்காரர் பாத்திரம் கிடைத்திருக்கிறது. நீங்கள் வளர்ந்ததோ சென்னையில். வசனத்தாள் கைக்கு வந்ததும் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான்: 'ஏலே', 'மக்கா' என்று நாலைந்து சொற்களைப் பொறுக்கியெடுத்து வாக்கியத்துக்கு வாக்கியம் தூவிவிடுகிறார்கள். அந்தச் சொற்கள் வந்து விழும் ஒவ்வொரு முறையும் அந்த ஊர்க்காரருக்கு முகம் சுருங்கும். சொல் சரியாக இருந்தாலும் அதைச் சுமந்து வரும் குரல் வேறு ஊர்க் குரலாக இருப்பதுதான் காரணம்.

அதனால் இங்கே வரிசையைத் திருப்பிப் போடுகிறேன். முதலில் இழுவை (குரலின் ஏற்ற இறக்கமும் நீட்டலும்), அடுத்து ஒலி, அப்புறம் வினைமுற்று, கடைசியில்தான் சொல்.

படி 1: பாத்திரத்தின் ஊரையும் வயதையும் முடிவு செய்யுங்கள்

'நெல்லைத் தமிழ்', 'கொங்குத் தமிழ்' என்பதெல்லாம் பெரிய வட்டங்கள். கோவில்பட்டிக் கரிசல் பேச்சும் நாகர்கோவில் பேச்சும் ஒன்றல்ல. ஒரே வீட்டிலேயே பாட்டி பேசுவது ஒரு மாதிரி, கல்லூரிக்குப் போகும் பேரன் பேசுவது வேறு மாதிரி. எந்த ஊர், என்ன வயது, என்ன தொழில், வெளியூரில் எத்தனை வருஷம் இருந்தவர் என்று இயக்குநரிடமும் வசனம் எழுதியவரிடமும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காட்சிக்குக் காட்சி யாரிடம் பேசுகிறார் என்பதையும் பாருங்கள். அம்மாவிடம் பேசும் பேச்சை யாரும் வங்கி மேலாளரிடம் பேசுவதில்லை.

படி 2: பின்பற்ற ஒரு குரலைத் தேடுங்கள்

இன்னொரு படத்தைப் பார்த்து வட்டாரப் பேச்சைக் கற்காதீர்கள். அது நகலின் நகலாகத்தான் வரும். பாத்திரத்தின் ஊரும் வயதும் பொருந்திய ஒருவரைக் கண்டுபிடித்து, அனுமதி கேட்டு, கைபேசியில் பதிவு செய்யுங்கள். "உங்க ஊர் பாஷையில பேசுங்க" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. உடனே அவரும் நடிக்க ஆரம்பித்துவிடுவார். அவர் பார்த்த வெள்ளத்தைப் பற்றியோ வீட்டுக் கல்யாணத்தில் வந்த சண்டையைப் பற்றியோ கேளுங்கள். கதை சூடு பிடித்ததும் பதிவாகிறது என்பதையே மறந்துவிடுவார். அங்கிருந்து வரும் பத்து நிமிஷம் போதும். அதையே திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

வேற்று நாட்டு ஆங்கிலம் பேச வேண்டிய பாத்திரம் என்றால் இணையத்தில் 'இன்டர்நேஷனல் டயலெக்ட்ஸ் ஆஃப் இங்லிஷ் ஆர்க்கைவ்' என்ற குரல் தொகுப்பு இருக்கிறது. பல நாட்டுக்காரர்களின் உண்மையான பேச்சை அங்கே இலவசமாகக் கேட்கலாம்.

படி 3: இழுவை

அதிக நேரம் இங்கேதான் செலவாக வேண்டும். பதிவில் ஒரு வாக்கியத்தை ஓடவிட்டு நிறுத்துங்கள். வாயை மூடிக்கொண்டு, சொல்லே இல்லாமல், அதே ஏற்ற இறக்கத்தை 'ம்ம்ம்' என்று முனகிக் காட்டுங்கள். இதைப் பதிவு செய்து மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குரல் எங்கே ஏறுகிறது, எந்த எழுத்து நீள்கிறது, மூச்சு எங்கே விடுகிறார், வாக்கியத்தின் கடைசிச் சொல்லை வெட்டுகிறாரா மிதக்க விடுகிறாரா? கொங்குப் பேச்சில் கடைசியில் வரும் 'ங்க' வெறும் மரியாதை விகுதி மட்டுமல்ல. அந்த வாக்கியத்தின் நடையே அதில்தான் போய் அமர்கிறது. நடை பிடிபடாமல் 'ஏனுங்க' என்றால் கேலி செய்வதுபோல் ஆகிவிடும்.

முனகல் சரியாக வந்த பிறகு வசனத்தாளை எடுங்கள். ஒவ்வொரு வரிக்கு மேலும் பென்சிலால் ஏற்ற இறக்கக் கோடு போடுங்கள். அந்தக் கோட்டின்படி முதலில் முனகுங்கள், பிறகு பேசுங்கள்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தமிழ் சினிமாவில் வெகுகாலம் வட்டாரப் பேச்சு சிரிப்பு மூட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. ஒரு ஊரின் இழுவையைக் கூட்டிக் காட்டினால் தியேட்டரில் சிரிப்பு வரும்தான். ஆனால் அதே இழுவையில்தான் அந்த ஊரில் இழவு வீட்டிலும் பேசுகிறார்கள். இரண்டு இடத்துக்கும் பொருந்துகிற அளவில் பழகுங்கள்.

படி 4: ஒலிகள்

எல்லா ஒலியையும் மாற்ற வேண்டியதில்லை. வித்தியாசம் தெரிகிற மூன்று நான்கு போதும். ழகரத்தில் தொடங்குங்கள். தென் மாவட்டங்களில் பலர் பேச்சில் அது ளகரமாகி 'மளை', 'பளம்' என்று வரும். சென்னையின் பழைய பேச்சில் யகரமாகி 'வாயப்பயம்' ஆகும். செய்தி வாசிப்பவர்போல் சுத்தமான ழகரம் வந்துவிட்டால் பாத்திரம் அங்கேயே உடைந்துவிடும்.

யாழ்ப்பாணப் பேச்சுக்கு 'ற்ற' முக்கியம். தமிழ்நாட்டில் 'காற்று' பேச்சில் 'காத்து' ஆகும்போது நாக்கு பல்லைத் தொடும். யாழ்ப்பாணத்தில் நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் உள்ள மேட்டைத் தொடும். 'டிவி' என்று நாம் எழுதுவதை ஈழத்தில் 'ரிவி' என்று எழுதுவதற்கும் நாக்கின் இதே இடம்தான் அடிப்படை.

வேறு தாய்மொழிக்காரர் தமிழ் பேசுவதுபோல் நடிப்பது தனிக் கணக்கு. அவருடைய தாய்மொழியில் எந்த ஒலி இல்லை என்று பாருங்கள். இந்தியில் குறில் எகரமும் ஒகரமும் தனியாக இல்லை. அதனால் 'எடு' என்பது 'ஏடு' பக்கம் சாயும், ளகரமும் ழகரமும் லகரமாகக் குழையும். போலந்துப் பெண்ணாக நடித்த 'சோஃபீஸ் சாய்ஸ்' (1982) படத்துக்காக மெரில் ஸ்ட்ரீப் போலிஷ் மொழியையே கற்றார். அந்த அளவுக்கு நேரம் கிடைக்காவிட்டாலும் அந்த மொழியைத் தினமும் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: வினைமுற்றுத் தாள்

பாத்திரத்துக்கென்று ஒரே ஒரு தாள் தயார் செய்யுங்கள். 'சொல்கிறேன்' என்பது சென்னையில் 'சொல்றேன்', நெல்லையில் 'சொல்லுதேன்', கொங்கில் 'சொல்றனுங்க', யாழ்ப்பாணத்தில் 'சொல்லுறன்'. 'வந்தார்கள்' என்பது மதுரையில் 'வந்தாய்ங்க', நெல்லையில் 'வந்தாவ'. நான், நீ, அவர்கள், வந்துகொண்டு, போய்விட்டது என்று அடிக்கடி வரும் வடிவங்களை உங்கள் மாதிரிக் குரலிலிருந்து எடுத்து எழுதுங்கள். வசனத்தில் மாற்றம் தேவைப்பட்டால் எழுதியவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். வட்டாரச் சொற்கள் இதற்கும் பிறகுதான். இதுவரை செய்ததெல்லாம் சரியாக இருந்தால் அவை மிகக் கொஞ்சமே தேவைப்படும்.

பிறந்த ஊர் இதற்குத் தடையில்லை. 'சபாஷ் மீனா'வில் (1958) சென்னை ரிக்‌ஷாக்காரராக அந்தப் பேச்சைப் பேசிக் காட்டிய சந்திரபாபு தூத்துக்குடியில் பிறந்தவர்.

படி 6: பயிற்சி

பதிவோடு சேர்ந்து, ஒரு நொடி பின்தங்கிப் பேசுங்கள். பிறகு பதிவில்லாமல் உங்கள் வசனத்தைப் பேசுங்கள். அடுத்து பாத்திரம் கழுவிக்கொண்டே, படியேறிக்கொண்டே பேசுங்கள். கை வேலையில் இருக்கும்போதும் பேச்சு நழுவாமல் இருக்க வேண்டும். கடைசியாகக் கோபத்தில், அழுகையில், ரகசியக் குரலில் பேசிப் பாருங்கள். உணர்ச்சி ஏறும்போதுதான் சொந்த ஊர் எட்டிப் பார்க்கும். அப்படி எட்டிப் பார்க்கிற வரிகளைக் குறித்துவைத்து அவற்றை மட்டும் தனியாகப் பழகுங்கள்.

படி 7: படப்பிடிப்பும் டப்பிங்கும்

'விருமாண்டி' (2004) போல் படப்பிடிப்பிலேயே குரல் பதிவாகும் படங்கள் உண்டு. ஆனால் தமிழில் பெரும்பாலும் குரலைப் பிறகு டப்பிங்கில்தான் பதிவு செய்கிறோம். அங்கே சரி செய்துகொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். படப்பிடிப்பில் நீட்டாத எழுத்தை டப்பிங்கில் நீட்ட முடியாது, உதடு அதற்குள் மூடியிருக்கும்.

டப்பிங்குக்கு அந்த ஊர்க்காரர் ஒருவரை அழைத்து, படத்தைக் காட்டாமல் குரலை மட்டும் போட்டுக் காட்டுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். "இவரு எந்த ஊருன்னு தோணுது?" என்று கேளுங்கள். பக்கத்து மாவட்டத்தைச் சொன்னால் வினைமுற்றுத் தாளைச் சரிபாருங்கள். "நம்ம ஊர்தான், ஆனா ரொம்ப நாள் வெளியில இருந்திருப்பாரு" என்றால் ஒலிகளில் ஏதோ தப்பியிருக்கிறது. "யாரோ நம்மள மாதிரி பேசிப் பாக்குறாங்க" என்றால் வட்டாரச் சொற்களில் பாதியை எடுத்துவிட்டு மூன்றாம் படியிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.