6.40 மணிக் குடி ஆசையை நோட்டு காட்டிக்கொடுத்தது

குடியை விட்டு 40 நாள் ஆகியும் சாயங்காலமானால் ஆசை பிடுங்கும், 2 தடவை சறுக்கியும் விட்டேன். குடியை விடுபவர்கள் கூடும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) குழுவின் 12 படிகளில் 4ஆம் படி என்று ராத்திரி உட்கார்ந்து பழைய தப்பையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதினேன், முடித்ததும் இன்னும் குடிக்கத்தான் தோன்றியது. போனில் எழுதினால் நடுவில் வாட்ஸ்அப்புக்குப் போய்விடுவேன்.

அப்புறம் 10ஆம் படியின் அன்றாடக் கணக்கு மாதிரி, ஆசை வந்த நிமிஷமே பாக்கெட் நோட்டில் மூன்றே விஷயம் எழுத ஆரம்பித்தேன்: மணி, இடம், கடைசியாக என்ன சாப்பிட்டேன். 12 நாள் கழித்துப் புரட்டினால் 14 குறிப்பில் 11, மாலை 6.40ஐ ஒட்டி, அதுவும் மதியம் டீயும் பன்னும் மட்டும் சாப்பிட்ட நாட்களில். துக்கம் என்று நினைத்தது பாதி பசி! இப்போது ஐந்தரைக்கே ஒரு பொட்டலம் சுண்டல், மதுக்கடை இருக்கும் நிறுத்தத்துக்கு முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கிவிடுகிறேன். 3 மாதமாகச் சறுக்கவில்லை, அப்பாடா. நோட்டு இன்னும் சட்டைப்பையில்தான்.