ஓவியத்தைப் பார்த்துச் சமைக்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

மேசையில் மீன், பழம், பாத்திரம் வைத்து வரைந்த பழைய ஐரோப்பிய ஓவியங்களைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி ஒரு சாப்பாட்டு மேசை போட ஆசைப்படுகிறவர்கள் நம் மட்டக்களப்புப் பக்கமும் இருக்கிறார்கள். நல்ல ஆசைதான். பலரும் சறுக்குவது சமையலில் அல்ல, சாமான் வாங்கப் போகும்போதே.

ஒலிவ் காய், சீஸ், சால்மன் என்று பட்டியல் எழுதிக் கொழும்புக்குச் சொல்லி அனுப்பத் தேவையில்லை. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும், பிரெஞ்சு ஓவியர் ஷார்தன் வரைந்து 1728இல் காட்சிக்கு வைத்த படத்தின் நடுவில் கொக்கியில் தொங்குவது வயிறு கிழிந்த ஒரு திருக்கை. கீழே சிப்பிகளின்மேல் கால்வைத்து முதுகை வளைத்து நிற்கிறது ஒரு பூனை. திருக்கைக்கு நாம் எங்கே போக வேண்டும்? காலையில் சந்தைக்குப் போனால் போதும்.

ஆனால் ஷார்தனைப் பார்த்து அதைத் தொங்கவிட்டு அழகு பார்க்காதீர்கள். திருக்கையின் சதையில் இயல்பாகவே யூரியா உண்டு. மீன் பழசாக ஆக அது அமோனியாவாக மாறி மூக்கைத் துளைக்கும். அந்த வாடை வந்துவிட்டால் எவ்வளவு பழப்புளி விட்டாலும் மறையாது. வாங்கும்போதே மணந்து பாருங்கள், வீட்டுக்கு வந்ததும் கழுவி அடுப்பில் ஏற்றுங்கள். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, தோலையும் குருத்தெலும்பையும் நீக்கி, தண்ணீரை ஒட்டப் பிழிந்து உதிர்த்தால் வறைக்குத் தயார். பிழியாமல் விட்டால் வறை சொதசொதவென்று போய்விடும். வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, மீனையும் தேங்காய்ப்பூவையும் போட்டு ஈரம் வற்றப் பிரட்டுங்கள். தேசிக்காய்ப் புளி அடுப்பை அணைத்த பிறகுதான்.

அடுத்தது நிறம். 17ஆம் நூற்றாண்டு ஒல்லாந்து ஓவியங்களில் சிங்க இறால் செக்கச் சிவந்து கிடக்கும். அது வரைந்தவரின் கைவண்ணம் மட்டுமில்லை, அவித்த இறால் அது. ஓட்டில் புரதத்தோடு ஒட்டிக் கிடக்கும் சிவப்பு நிறமி, சூடு பட்டதும் விடுபட்டு வெளியே தெரிகிறது. நம் வாவி நண்டும் அப்படித்தான், கரும்பச்சையாக வந்து சட்டியில் சிவக்கும். இதற்குப்போய்ச் சிவப்புக் கலர் தூள் போடுவது வீண் வேலை. இன்னும் சிவக்கட்டும் என்று அடுப்பிலேயே விட்டாலோ சதை சக்கையாகிவிடும்.

வெள்ளைக்காரர் படம்தானே என்று உறைப்பைக் குறைப்பவர்களும் உண்டு. ஒல்லாந்து ஓவியர் பீட்டர் கிளாஸ் 1627இல் வரைந்த, வான்கோழி ‘பை’ (pie, மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்டது) இருக்கும் படத்தைக் கொஞ்சம் கிட்டப் பாருங்கள். பஞ்சாங்கத் தாளைச் சுருட்டி அதில் மிளகு வைத்திருக்கிறார். அந்த மிளகு ஆசியாவிலிருந்து கப்பலேறிப் போனது. அந்த ஒல்லாந்துக் கப்பல்காரர்கள்தான் 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து நம் மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தார்கள். ஆகவே மிளகை அளந்து பயப்படாமல், கறிக்கு வேண்டிய அளவு போடுங்கள்.

சரி, மேசை. இருக்கிற பாத்திரம் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பரப்பிவிடுவதுதான் வழக்கம். ஸ்பானிய ஓவியர் சான்செஸ் கோட்டான் 1602 வாக்கில் வரைந்த படம் ஒன்றில் மொத்தம் நான்கே பொருள்: நூலில் தொங்கும் ஒரு சீமை மாதுளை (குவின்ஸ் பழம்), ஒரு கோவா, கீழே வெட்டிய ஒரு மெலன், ஒரு வெள்ளரிக்காய். பின்னால் வெறும் இருட்டு. நம் வீதியோரத்து வெள்ளரிப்பழம் ஒன்றைப் பிளந்து வைத்தாலே அந்த அழகு வந்துவிடும். ரியூப் லைட்டை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக விழும்படி வையுங்கள்.

படமெடுக்கிறோம் என்று சமைத்ததை மணிக்கணக்கில் வைப்பது எல்லாவற்றிலும் மோசம். பிரெஞ்சு ஓவியர் செசான் மெல்ல வரைகிறவர், பழம் அழுகினாலும் அவருக்குப் பரவாயில்லை, அவர் அதைச் சாப்பிடப் போவதில்லை. நம் வெயிலுக்கு, 32 பாகைக்கு மேல் போனால், மீன் சாப்பாட்டை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. வெறும் தட்டுகளை வைத்து வெளிச்சத்தைச் சரிபார்த்துவிட்டுக் கறியைக் கடைசியில் கொண்டு வாருங்கள். எருமைத் தயிரைக் கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றவும் வேண்டாம். தயிர்த் தண்ணீரை உறிஞ்சிக் கட்டியாக வைப்பதே அந்த மண் சட்டிதான், படத்துக்கும் அதுதான் எடுப்பு.