ஸ்கூட்டரை லொறியில் ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வீடு மாறுகிறவர்கள் அலுமாரியையும் பிரிட்ஜையும் எவ்வளவோ கவனமாக ஏற்றுகிறார்கள். பழைய போர்வை சுற்றுகிறார்கள், கண்ணாடிக்கு மட்டை வைக்கிறார்கள். ஸ்கூட்டர் என்று வந்ததும், "அது கடைசியில் ஏறட்டும், ஒரு கயிறு போட்டால் போதும்" என்று விட்டுவிடுகிறார்கள்.

நானும் அப்படித்தான் விட்டேன். என் தங்கைக்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வேலை கிடைத்தபோது அவளுடைய ஸ்கூட்டரை வெள்ளவத்தையில் ஒரு பட்டாவில், அதாவது சிறிய லொறியில், ஏற்றி அனுப்பினேன். "ஒண்டும் ஆகாது தம்பி, எத்தினை ஸ்கூட்டர் ஏத்திப் பறிச்சனாங்கள்" என்றார் சாரதி. அடுத்த நாள் காலை தங்கை அழைத்தாள். "அண்ணா, இடப்பக்கக் கண்ணாடி இல்லை. பிரேக் லீவர் வளைஞ்சிருக்கு. பக்கத்துப் பிளாஸ்டிக் வெடிச்சிருக்கு." படம் எடுத்து அனுப்பினாள். கயிறு அப்படியே இருந்தது. முடிச்சும் அவிழவில்லை. ஆனால் ஸ்கூட்டர் விழுந்திருந்தது. கயிறு அறாமலே ஸ்கூட்டர் எப்படி விழும் என்ற கேள்விதான் இதையெல்லாம் எனக்குக் கற்றுத்தந்தது. அதன் பிறகு உறவினர், நண்பர் என்று ஏழெட்டுப் பேருடைய ஸ்கூட்டரை நானே கூட நின்று ஏற்றியிருக்கிறேன்.

பதில் எளிது. ஸ்கூட்டருக்கு ஷொக் அப்சோபர் இருக்கிறது. லொறி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது ஸ்கூட்டர் தன் ஸ்பிரிங்கில் அமுங்கும். அமுங்கிய அந்த ஒரு நொடியில் கயிறு தளரும். வெறுமனே சரியாமல் பிடிப்பதற்காகக் கட்டிய கயிறு அந்த நொடியில் எதையும் பிடிப்பதில்லை. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். அத்தனை தூரத்தில் அப்படி எத்தனை நொடிகள் வரும்! ஆகவே கட்டும்போதே ஸ்பிரிங்கைப் பாதி அளவுக்கு அமுக்கி, அந்த நிலையிலேயே கட்ட வேண்டும். அப்போது ஸ்பிரிங் எப்போதும் மேலே எழப் பார்க்கும், கயிறு எப்போதும் விறைப்பாகவே இருக்கும். முழுவதும் அமுக்கிவிடவும் கூடாது. முன் ஷொக்கின் எண்ணெய் சீல் அந்த அழுத்தத்தில் மணிக்கணக்காக நின்றால் பழுதாகலாம்.

ஸ்டாண்டில் நிறுத்திக் கட்டுவது

பலரும் செய்கிற பெரிய தவறு இதுதான். நடு ஸ்டாண்டில் நிற்கிறது, அசையாது என்று நினைக்கிறோம். தினமும் காலையில் ஸ்டாண்டிலிருந்து ஸ்கூட்டரை எப்படி இறக்குகிறோம்? ஹன்டிலைப் பிடித்து முன்னால் தள்ளுகிறோம், ஸ்டாண்ட் பின்னால் மடிகிறது. லொறிச் சாரதி சடாரென்று பிரேக் பிடித்தாலும் நடப்பது அதேதான். இந்த ஸ்கூட்டர்கள் 100 முதல் 120 கிலோ வரை நிறை உள்ளவை. கடுமையான பிரேக்கில் அந்த நிறையில் பாதிக்கும் மேலான விசை முன்னோக்கித் தள்ளும்.

சைட் ஸ்டாண்டோ இன்னும் மோசம். கயிற்றை இறுக்க இறுக்க, அந்த அழுத்தம் முழுவதும் ஸ்டாண்டின் ஒரே ஆணியில் போய் இறங்கும். இரண்டு ஸ்டாண்டையும் மடக்கிவிடுங்கள். ஸ்கூட்டர் தன் இரண்டு ரயரிலும் நேராக நிற்கட்டும். முன் ரயர் லொறித் தட்டின் முன் பலகையில் முட்டட்டும். முட்டுவது ரயராக இருக்க வேண்டும், மட்கார்டாக இருக்கக் கூடாது. பட்டாவின் தட்டு சுமார் ஏழு அடி நீளம், ஸ்கூட்டர் ஏறத்தாழ ஆறு அடி. நேராக நிறுத்தினாலே பின் பலகையை மூடலாம், குறுக்காக வைக்கத் தேவையில்லை.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். மோட்டார் சைக்கிளை கியரில் போட்டு நிறுத்தினால் பின் சில்லு உருளாது. ஸ்கூட்டரில் அந்த வசதி இல்லை, இயந்திரம் நின்றதும் பின் சில்லு தாராளமாக உருளும். பிரேக் லீவரை அழுத்தி ஒரு துண்டு ரியூப் றப்பரால் கட்டிவிடுங்கள். பின் சில்லுக்கு ஒரு மர ஆப்பும் வையுங்கள்.

எதால் கட்டுவது, எங்கே கட்டுவது

சைக்கிள் ரியூப்பைக் கீறி எடுத்த றப்பர் பிரேக் லீவருக்குப் போதும், ஸ்கூட்டரைக் கட்டப் போதாது. றப்பர் இழுபடும், ஸ்கூட்டரும் அதோடு சேர்ந்து ஆடும். நைலோன் கயிறு இழுபடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை, மழையில் நனைந்தால் இன்னும் கூடுதலாக இழுபடும். பொலியெஸ்டரில் நெய்த ராச்செட் பெல்ட், அதாவது கைப்பிடியை ஆட்டி இறுக்கும் பூட்டுள்ள பெல்ட், நான்கு வாங்குங்கள். பஞ்சிகாவத்தைப் பக்கம் வாகனச் சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஒருமுறை வாங்கினால் குடும்பத்தில் எல்லோரும் கைமாற்றிக்கொள்ளலாம்.

கொளுக்கியை மாட்டும் இடத்தில்தான் அதிகம் சேதம் நடக்கிறது. கண்ணாடித் தண்டு, ஹன்டிலின் நுனிப் பிடி, முன் பிளாஸ்டிக், பை மாட்டும் சிறு கொக்கி, இவை எதுவும் 100 கிலோவை இழுத்துப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஸ்கூட்டர் முழுக்கப் பிளாஸ்டிக் போர்த்தியிருப்பதால் இரும்பு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். பின்னால் இருப்பவர் பிடிக்கும் கம்பி உலோகமாக இருந்து, சட்டத்தோடு போல்ட் போட்டிருந்தால் அது நல்ல பிடிமானம். முன்பக்கம் கால் வைக்கும் தட்டுக்கு அடியில் சட்டம் ஓடுகிறது. அந்தத் தட்டின் மேல் மடித்த துணி, அதன் மேல் ஒரு சிறு பலகைத் துண்டு, அதற்கு மேலாகப் பெல்ட்டைக் குறுக்கே கொண்டுபோய் இரு பக்கமும் கீழே இறுக்குங்கள். என் அனுபவத்தில் இந்த ஒரு கட்டு மட்டுமே மற்றதெல்லாம் தளர்ந்தாலும் ஸ்கூட்டரை நிறுத்தி வைத்திருக்கிறது. மிச்சப் பெல்ட்டுகள் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்றாவது இருக்கட்டும். அவை நேர் கீழே இறங்கக் கூடாது, வெளிப்புறமாகச் சாய்ந்து, ஏறக்குறைய 45 பாகையில் இறங்க வேண்டும். இடமும் வலமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் ஸ்கூட்டர் சாய்ந்துவிடும்.

ஹன்டிலைப் பூட்டிவிட்டுக் கட்டாதீர்கள். பூட்டினால் முன் சில்லு ஒரு பக்கம் திரும்பி நிற்கும், பெல்ட்டின் இழுவையும் சமனாக இராது. கண்ணாடிகளைக் கழற்றி இருக்கைக்கு அடியில் வையுங்கள். யமஹாவாக இருந்தால் வலப்பக்கக் கண்ணாடியின் மரை எதிர்த்திசையில் இருக்கக்கூடும், பலம் போட்டுத் திருகி உடைக்காதீர்கள்.

ஏற்றும்போது

இயந்திரத்தை இயக்கி, அக்சிலேற்றரை முறுக்கிப் பலகையில் ஏற்றுவது வேண்டவே வேண்டாம். பலகையில் சில்லு கொஞ்சம் வழுக்கினாலே கை தன்னையறியாமல் முறுக்கிவிடும். தட்டின் எதிர்ப்பக்கத்தில் மோதுவது ஸ்கூட்டர் மட்டுமாக இராது. இயந்திரத்தை நிறுத்தி, ஒருவர் ஹன்டிலும் பிரேக்கும், இன்னொருவர் பின்னால் என்று தள்ளி ஏற்றுங்கள். பலகை இரண்டு வேண்டும், ஒன்று ஸ்கூட்டருக்கு, மற்றது நடக்கிறவருக்கு. தள்ளுகிறவர் பாதி வழியில் கால் வைக்க இடமில்லாமல் நிற்கும்போதுதான் ஸ்கூட்டர் சரிகிறது.

வெள்ளவத்தைக்காரருக்கு ஒரு வசதி உண்டு. காலி வீதியிலிருந்து கடற்கரை வீதிக்கு இறங்கும் ஒழுங்கைகள் பல சரிவானவை. லொறியின் முகம் கடலைப் பார்க்க நிறுத்தினால் பின்புற நிலம் உயர்ந்திருக்கும், பலகையின் ஏற்றம் குறையும். லொறியின் சில்லுக்குக் கல் வைத்துவிட்டு ஏற்றுங்கள். தட்டும் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும் என்பதால் ஸ்கூட்டரின் பிரேக்கிலிருந்து கையை எடுக்க வேண்டாம்.

பெற்றோல் தாங்கியை நிரப்பி அனுப்பாதீர்கள். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று கியூஆர் அட்டை காட்டி வரிசையில் நின்ற ஞாபகம் நமக்கு இன்னும் போகவில்லை, கிடைக்கும்போது நிரப்பி வைக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் ஆடி ஆடிப் போகும் லொறியில் நிறைந்த தாங்கியிலிருந்து பெற்றோல் கசியலாம், பக்கத்தில் இருப்பது உங்கள் மெத்தையும் உடுப்பும். பக்கத்துப் பெற்றோல் நிலையம் வரை போகிற அளவு இருந்தால் போதும். இடமில்லை என்று ஸ்கூட்டரைப் படுக்க வைக்கவும் விடாதீர்கள். பெற்றோல் மட்டுமல்ல, இயந்திர எண்ணெயும் போகக்கூடாத இடத்துக்குப் போய்விடும்.

ஸ்கூட்டரைச் சுற்றி அரிசி மூட்டை, கதிரை என்று நெருக்கினால் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். நீண்ட ஓட்டத்தில் சாக்கு உரசி உரசிப் பெயின்ற் கிளம்பிவிடும். ஒரு சாண் இடைவெளியாவது விடுங்கள். அதே காரணத்தால் தளர்வாகப் போர்த்திய பிளாஸ்டிக் விரிப்பும் கெடுதிதான், காற்றில் அடித்து அடித்துக் கீறும். இறுக்கிக் கட்ட முடியாவிட்டால் மூடாமலே விடுங்கள். ஸ்கூட்டர் மழைக்குப் பழகியதுதானே.

வான் வண்டிக்குப் பின்னால் தொங்கவிடுவது

வானின் பின்புறம் ஒரு இரும்புத் தட்டு ஒட்டி, அதில் ஸ்கூட்டரை வைத்துக்கொண்டு போகலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. கணக்கைப் பாருங்கள். ஸ்கூட்டர் 110 கிலோ, தட்டு 30 கிலோ, மொத்தம் 140. வானின் முன், பின் சில்லுகளுக்கு இடையே 2.5 மீற்றர். பின் சில்லிலிருந்து ஸ்கூட்டரின் நடு 1.5 மீற்றர் பின்னால். தராசுபோல முன்பக்கம் 84 கிலோ இலேசாகும், பின் சில்லில் 224 கிலோ ஏறும். முன் ரயரில்தான் ஸ்டியரிங்கும் பிரேக்கின் பெரும் பங்கும் இருக்கின்றன. அதற்கு மேல் இலக்கத் தகடும் பின் விளக்குகளும் மறையும்.

கனடாவில் இருக்கும் என் மச்சான், கரவனை, அதாவது வாகனத்துக்குப் பின்னால் பூட்டி இழுக்கும் சில்லு வீட்டை, இழுத்துக்கொண்டு கோடை விடுமுறைக்குப் போகிறவர், இதையே கரவனின் பின் பம்பரில் செய்யப் பார்த்தார். அங்கே ஆபத்து இன்னும் பெரியது. இழுபடும் கரவனின் நிறையில் 10 முதல் 15 வீதம் முன்னால் இழுக்கும் கொளுக்கியில் இறங்க வேண்டும் என்பது அங்கே பொதுவான கணக்கு. 2,000 கிலோ கரவனில் 240 கிலோ கொளுக்கியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அச்சிலிருந்து 3 மீற்றர் பின்னால் 140 கிலோவை வைத்தால், அச்சிலிருந்து 4 மீற்றர் முன்னால் உள்ள கொளுக்கியில் 105 கிலோ குறையும். மிஞ்சுவது 135, அதாவது 6 வீதம் சொச்சம். வேகம் கூடும்போது கரவன் பாம்புபோல இடம் வலம் ஆடத் தொடங்குவது இப்படித்தான். போதாததற்கு, பல கரவன்களின் பின் பம்பர் கழிவுநீர்க் குழாயை உள்ளே செருகி வைக்கிற மெல்லிய சதுரக் குழாய் மட்டுமே. "இழுக்கிற பிக்கப்பின் தட்டில் ஏத்துங்கோ மச்சான், அதுக்குத்தானே தட்டு இருக்கு" என்றேன். அப்படியே செய்தார்.

வழியில்

புறப்பட்டு 15, 20 கிலோமீற்றரில், வத்தளையோ ஜாஎலயோ, லொறியை நிறுத்திப் பெல்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் தளர்வு அங்கேயே தெரியும். பிறகு புத்தளத்தில் தேநீருக்கு நிறுத்தும்போது ஒருமுறை, வவுனியாவில் ஒருமுறை. நீங்கள் கூடப் போகாவிட்டால் இதைச் சாரதியிடம் முன்கூட்டியே பேசி, அந்த நேரத்தில் ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். கேட்டால் பெரும்பாலானோர் செய்கிறார்கள். ஏற்றுமுன் நாலு பக்கமும், கிலோமீற்றர் மானியும் படம் எடுத்து வையுங்கள். வாகனப் பதிவுப் புத்தகம், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி ஆகியவற்றின் பிரதிகள் சாரதியிடம் இருக்கட்டும். ஏற்றிச் செல்லும்போது சேதம் வந்தால் உங்கள் காப்புறுதி தருமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

பறிக்கும்போது அவசரம் வேண்டாம். இரவு ஓட்டம் என்றால் விடியப்புறம் போய்ச் சேரும், எல்லோருக்கும் தூக்கக் கலக்கம். ஒருவர் ஸ்கூட்டரில் ஏறி அமர்ந்து இரண்டு பிரேக்கையும் பிடித்த பிறகே முதல் ராச்செட்டை விடுவிக்க வேண்டும். அமுங்கியிருந்த ஸ்பிரிங் துள்ளும், பெல்ட்டின் கொளுக்கியும் துள்ளும், முகத்தைக் கிட்ட வைக்காதீர்கள். இறக்கிய பின் பிரேக் லீவரில் கட்டிய றப்பரை அவிழ்த்து, கண்ணாடியைப் பூட்டி, ரயர் காற்றைப் பார்த்துவிட்டு ஓடுங்கள்.