மிதிவண்டியில் அலுவலகம் செல்ல: முதலில் இருக்கையின் உயரம்

திருவான்மியூரில் என் வீட்டிலிருந்து சோழிங்கநல்லூரில் உள்ள அலுவலகம் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். மிதிவண்டியில் செல்லத் தொடங்கிய முதல் மாதத்திலேயே முழங்காலின் முன்பக்கம் வலியெடுத்து, இரண்டு வாரம் வண்டியைத் தொட முடியாமல் போனது. இருக்கை தாழ்வாக இருந்ததே காரணம் என்பது பிறகுதான் விளங்கியது.

முதலில் வழி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முழுத் தூரத்தையும் ஓட்டிப் பார்த்து, ஆகும் நேரத்தோடு கால் மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் பழைய மகாபலிபுரம் சாலைக்கும் நடுவே பக்கிங்காம் கால்வாய் ஓடுவதால், பாலம் இருக்கும் இடத்தில்தான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடக்க முடியும். நான் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அக்கரை என்னும் ஊர் வரை சென்று, அங்கே சோழிங்கநல்லூர் பக்கம் திரும்புகிறேன்.

அடுத்தது இருக்கை. சுவரைப் பிடித்தபடி வண்டியில் ஏறி அமர்ந்து, ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, அதன்மேல் குதிகாலை வையுங்கள். இடுப்பு சாயாமல் கால் முழுவதும் நீண்டிருக்க வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். அதுவே சரியான உயரம். தாழ்வாக இருந்தால், பெடல் மேலே வரும் ஒவ்வொரு முறையும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கி, முழங்கால் சில்லின்மீது அழுத்தம் ஏறும். மிக உயர்த்தினால் இடுப்பு இருபுறமும் ஆடும்; முழங்காலின் பின்பக்கம் வலிக்கும். நின்றவுடன் இரு பாதங்களும் தரையில் படிய வேண்டும் என்று எண்ணித்தான் நான் தாழ்த்தி வைத்திருந்தேன். நிறுத்தும்போது இருக்கையை விட்டு முன்னால் இறங்கி நிற்கப் பழகிவிட்டால் அந்த அச்சம் நீங்கிவிடும். இருக்கைக் குழாயில் பொறித்துள்ள எல்லைக்கோடு வெளியே தெரியும் அளவுக்கு மட்டும் உயர்த்தாதீர்கள்.

(பின்னர் சேர்த்தது: இவ்வாறு அளந்தும் உயரம் ஒத்துவரவில்லை என்று வாசகர் ஒருவர் எழுதினார். அவர் வெறுங்காலோடு அளந்திருக்கிறார். அன்றாடம் ஓட்டும் காலணியை அணிந்துகொண்டே அளக்க வேண்டும். தடித்த அடிப்பகுதி இருந்தால் உயரம் மாறிவிடும்.)

காற்றழுத்தத்தின் அளவு டயரின் பக்கவாட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அழுத்தமானி பொருத்திய, தரையில் நிறுத்தி அடிக்கும் பம்ப் ஒன்றை வாங்கி வாரம் ஒருமுறை பாருங்கள். கைப்பம்ப்பை நம்பி நான் வீணாக்கிய காலைப்பொழுதுகள் அதிகம். கம்பிப் பூட்டை எளிதில் வெட்டிவிடலாம் என்பதால், வளைந்த இரும்புப் பூட்டையே பரிந்துரைக்கிறேன்.

முதுகுப்பை வேண்டாம். பின்பக்கக் கேரியரில் பையைக் கட்டினால் முதுகு நனைவது வெகுவாகக் குறையும். மாற்றுச்சட்டை ஒன்றும் சிறு துண்டும் அலுவலகத்திலேயே இருக்கட்டும். சென்று சேர்ந்ததும் பத்து நிமிடம் மின்விசிறியின் கீழ் அமர்ந்து, வியர்வை அடங்கிய பிறகே சட்டையை மாற்றுங்கள். உடனே மாற்றினால் புதுச்சட்டையும் நனைந்துவிடும்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் மட்கார்டுகளையும் பின்பக்கச் சிவப்பு விளக்கையும் பொருத்திவிடுங்கள். மழையில் ஓட்டிய அன்றிரவே செயினைத் துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வழிவதைத் துடைத்துவிட்டால் துருப் பிடிக்காது.